பார்க்காமலும் இருக்கலாம்

அமெரிக்காவில் ஆரிகன் என்று ஒரு மாநிலம். அங்கே ஒரு மலையின் தலையில் ஓர் ஏரி இருக்கிறது. ஏரி என்றதும் திருநெல்வேலி நயினார்குளத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இதன் ஆழம் 594 மீட்டர். கன்னியாகுமரியில் நிற்கிற 133 அடி வள்ளுவர் சிலையை ஒன்றின் தலைமேல் ஒன்றாகப் பதினான்கு அடுக்கினாலும் கடைசி வள்ளுவரும் தண்ணீருக்குள்தான் நிற்பார்.

சுமார் 7,700 வருடங்களுக்கு முன்னால் அங்கே மஸாமா என்ற எரிமலை வெடித்தது. வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கி முடித்ததும், தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லாமல் உச்சி அப்படியே உள்ளே சரிந்து விழுந்தது. அந்தப் பள்ளத்தில் மழையும் பனியும் சேர்ந்து சேர்ந்து ஏரியாயிற்று. வெளியிலிருந்து ஓர் ஆறுகூட வந்து கலப்பதில்லை. அதனால் தண்ணீர் அப்படி ஒரு நீலம். 1902-ல் அதைச் சுற்றித் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். வருடத்துக்குச் சில லட்சம் பேர் போய் விளிம்பில் நின்று வாய் பிளந்து பார்த்துவிட்டு வருகிறார்கள்.

எனக்கு ஏரியைவிட அதன் பக்கத்தில் குடியிருந்தவர்கள்தான் ஆச்சரியம். கிளமாத் என்ற பழங்குடி மக்கள். அந்த மலை வெடித்ததை அவர்களுடைய முன்னோர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அது இரண்டு தெய்வங்களுக்கு நடந்த சண்டை என்று கதையாக வைத்திருந்தார்கள். ஏரியைச் சாதாரண ஜனங்கள் யாரும் பார்க்கக் கூடாது என்று கட்டுப்பாடு. பட்டினி கிடந்து, உடம்பை வருத்தி, ஒரு தரிசனத்துக்காகத் தவம் செய்கிறவர்கள் மட்டும் போவார்கள். வெள்ளைக்காரர்கள் அந்தப் பக்கம் நடமாட ஆரம்பித்து ஐம்பது வருடம் வரைக்கும் இப்படி ஓர் ஏரி இருக்கிறது என்று ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. 1853-ல் தங்கம் தேடிப் போன சிலர் தற்செயலாக விளிம்பில் போய் நின்ற பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது.

யோசித்துப் பாருங்கள். கூப்பிடு தூரத்தில் உலகத்திலேயே அழகான ஏரிகளில் ஒன்று. அதைப் 'பார்க்காதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பிள்ளைகளும் பார்க்காமலேயே வாழ்ந்து, கிழவர்களாகி, செத்தும் போயிருக்கிறார்கள். இது மூடநம்பிக்கையா, மரியாதையா?

உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கொஞ்சம் நம்ம ஊர்ப் பக்கம் போய்விட்டு வருவோம்.

தாமிரபரணிக் கரையில் எரிமலை ஏரி கிடையாது. பொதிகை எரிமலையும் இல்லை. பூமிக்கு அடியில், வெகு ஆழத்தில், ஐம்பது கோடி வருடங்களுக்கும் முன்னால் வெந்து உருமாறிய பாறை அது. நமக்கு வாய்த்தது காரையாறு. பாபநாசத்துக்கு மேலே, காட்டுக்குள், பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் கட்டிய அணை. மனிதன் கட்டிய ஏரிதான், ஆனால் மூன்று பக்கமும் மலை சூழ நடுவில் அது கிடக்கிற அழகைப் பார்த்தால் கடவுள் கட்டியது என்று சொன்னாலும் நம்புவீர்கள். 143 அடி. மழைக்காலத்தில் அந்த அணையின் நீர்மட்டத்தைப் பேப்பரில் முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றச் செய்திக்குப் போகிற ஆட்கள் திருநெல்வேலியில் இன்னும் இருக்கிறார்கள்.

ஏரியின் மறுகோடியில் பாணதீர்த்தம் அருவி. 1992-ல் வந்த 'ரோஜா' படத்தில் பார்த்திருப்பீர்கள். முன்பெல்லாம் படகில் போய்க் குளித்துவிட்டு வருவார்கள். பிறகு படகை நிறுத்தினார்கள். பல வருடம் அருவிப் பக்கம் யாரும் போக முடியவில்லை. பொதிகை மலை உச்சிக்கு, அதாவது 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற அகத்தியர் சிலைக்கு, தமிழ்நாட்டுப் பக்கமிருந்து ஏறுகிற பாதையும் அடைபட்டது. இப்போது போகிறவர்கள் கேரளத்தில் போனக்காடு வழியாக, முன்கூட்டியே அனுமதி வாங்கிப் போகிறார்கள்.

காரணம் உங்களுக்குத் தெரியும். இது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-லேயே சரணாலயம். களக்காடு 1976-ல், சிங்கவால் குரங்குக்காக. இரண்டையும் சேர்த்து 1988-ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். சிங்கவால் குரங்கு மரத்துக்கு மரம் தாவி வாழ்கிற பிராணி. தரையில் நடக்க அதற்கு அவ்வளவு இஷ்டம் கிடையாது. நடுவில் அகலமாக ஒரு ரோடு போட்டால் அதற்கு அது இன்னொரு நாட்டின் எல்லை மாதிரி.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஓர் இடம் அழகாக இருக்கிறது. நமக்குப் பார்க்க ஆசையாக இருக்கிறது. கையில் காசும் லீவும் இருக்கின்றன. போவதற்கு இது போதுமா? அழகான எதையும் பார்த்துவிட வேண்டும் என்பது நம்முடைய உரிமையா?

உரிமைதான் என்பவர்கள் சொல்கிற காரணத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. "கண்ணால் பார்க்காத ஒன்றை ஒருத்தன் எப்படிக் காப்பாற்றுவான்? பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினால்தானே நாளைக்குக் காட்டை வெட்ட வருகிறவனோடு சண்டை போடுவார்கள்?" என்கிறார்கள். இன்னொன்றும் சொல்வார்கள்: ஜனங்கள் வருகிற இடத்தில் திருட்டுத்தனமாக மரம் வெட்டுவதும் வேட்டையாடுவதும் கஷ்டம். பூட்டிய காட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? இந்த வாதம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 2012 ஜூலையில், புலிகள் காப்பகங்களின் மையப் பகுதியில் சுற்றுலா கூடாது என்று இடைக்காலத் தடை வந்தது. அக்டோபரில், புது நெறிமுறைகளோடு அந்தத் தடை விலகியது. நீதிபதிகளுக்கே மூன்று மாதம் யோசனை தேவைப்பட்ட விஷயம்.

ஆனால் பார்த்தவர்கள் எல்லோரும் காப்பாற்றுகிறவர்களாகத் திரும்புகிறார்களா? பாபநாசத்தில் முங்கிக் குளித்துவிட்டு, கட்டியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டால் பாவம் போய்விடும் என்று நினைக்கிறார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போவதில்லை. படித்துறைக்கு அடியில் மீனுக்கு மூச்சு முட்டுகிற அளவுக்குச் சேருகிறது. அதை வாரி வெளியே போடுவதற்கென்று ஒரு கூட்டம் வர வேண்டியிருக்கிறது. துணியை விட்டவர்கள் ஆற்றை வெறுக்கிறவர்களா? இல்லை. கும்பிடுகிறவர்கள். அன்பு இருந்தால் போதும், கெடுதல் வராது என்பதற்கு உலகத்தில் எந்த உத்தரவாதமும் இல்லை.

இதெல்லாம் கேட்டுவிட்டு, "அப்படியானால் பூட்டிவிடுங்கள்" என்று சொல்லத் தோன்றுகிறதா? அங்கேதான் எனக்குப் பயம்.

'உள்ளே வராதே, புனிதம் கெட்டுவிடும்' என்பது நம் நாட்டில் ரொம்பப் பழைய வாசகம். அதை மலைக்கும் காட்டுக்கும் சொன்னதைவிட மனிதர்களுக்குச் சொன்னதுதான் அதிகம். கோயிலுக்குள் வராதே, இந்தத் தெருவில் நடக்காதே, இந்தக் குளத்தில் இறங்காதே. 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துப் போனபோது, எதிர்த்தவர்களும் 'புனிதம்' என்றுதான் சொன்னார்கள்.

அகத்தியர் மலையிலேயே அது நடந்திருக்கிறது. கேரளப் பக்கம் உச்சி வரைக்கும் பெண்கள் ஏறக் கூடாது என்று இருந்தது. 2018-ல் கேரள உயர் நீதிமன்றம், ஆண் பெண் என்று பேதம் பார்க்கக் கூடாது என்றது. 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். அடிவாரத்தில் காணி மக்கள், கல்லெறியாமல், கூச்சல் போடாமல், அமைதியாகத் தங்கள் வருத்தத்தைக் காட்டினார்கள். அகத்தியர் அவர்களுக்குக் குலசாமி. பெண்கள் பக்கம் நியாயம் இருந்தது. காணிக்காரர்களின் வருத்தத்திலும் ஒன்று இருந்தது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் பயந்து பயந்து அண்ணாந்து பார்த்த மலை, ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு 'டிரெக்கிங்' ஆகிவிட்டதே என்கிற வருத்தம். தடை ஆண்களுக்கும் சேர்த்து இருந்திருந்தால், அந்த வழக்குக்கே வேலை இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே காட்டில், காரையாற்றங்கரையில், இதற்கு நேர் எதிரான ஒரு சாமியும் இருக்கிறது. சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயன் சன்னதி. முத்துப்பட்டன் கதை கேட்டிருப்பீர்கள். பிராமணனாகப் பிறந்தவன். வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவர் மேலும் ஆசைப்பட்டான். பூணூலையும் குடுமியையும் எடுத்துவிட்டு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு அவர்களைக் கட்டிக்கொண்டான். மாமனாரின் மாடுகளைத் திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தான். இன்றைக்கும் அவனுக்குக் காணிக்கை செருப்பு. எல்லாக் கோயிலிலும் வாசலில் கழற்றிப் போடுகிற செருப்பை இங்கே சாமிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள். எல்லைகளை மீறியவனையே தெய்வமாக்கி வைத்திருக்கிற காடு இது. இங்கே வந்து 'யாரும் வராதே' என்று சொல்ல, சொல்கிறவருக்குக் கொஞ்சம் யோக்கியதை வேண்டும்.

அந்த யோக்கியதை எது? எனக்குப் பதில் சொன்னவர் பாபநாசத்தில் ஒரு டீக்கடைக்காரர்.

சோதனைச் சாவடியில் ஒரு காரை நிறுத்தியிருந்தார்கள். மெட்ராஸ் வண்டி. நேரம் முடிந்துவிட்டது, இனிமேல் விட முடியாது என்கிறார் காவலர். "அவ்வளவு தூரத்துலேர்ந்து வர்றோம் சார். ஒரே ஒரு மணி நேரம். பாத்துட்டு வந்துடறோம்" என்று வண்டிக்காரர் கெஞ்சுகிறார். அப்புறம் யாருக்கோ போன் போடுகிறார். போன் நம் தேசத்தில் எல்லாக் கதவையும் திறக்கிற சாவி அல்லவா.

டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "எங்க அம்மை இந்த மலையில வெறகு பொறுக்கித்தான் அண்ணாச்சி என்னைய வளத்தா. ஒருநாள் வந்து, இனி போகப்பிடாது, புலி இருக்க காடுன்னு சொன்னாங்க. ரெண்டு நாள் அழுதா. அப்புறம் நின்னுட்டா. கார்ல வாரவுகதான் நிக்க மாட்டேங்காவ."

வேறு எதுவும் சொல்லவில்லை. டீ ஆற்றப் போய்விட்டார்.

1990-களில் உலக வங்கி உதவியோடு, காட்டை ஒட்டிய கிராமங்களில், காட்டை நம்பியிருப்பதைக் குறைக்கிற திட்டம் ஒன்று நடந்தது. விறகுக்குப் பதிலாக வேறு அடுப்பு, வேறு தொழில், கடன். நல்ல திட்டம் என்றுதான் எழுதியிருக்கிறார்கள். காடு தழைத்தது உண்மை. ஆனால் அந்தத் தழைப்புக்கு முதலில் விலை கொடுத்தது யார் என்று பாருங்கள். தலைச்சுமையாக ஒரு கட்டு விறகு கொண்டுவந்து, விற்று, அரிசி வாங்கியவர்கள்.

மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலைக்குப் போங்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கரை 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது பம்பாய் பர்மா கம்பெனி. காட்டை அழித்துத் தேயிலை வைத்தார்கள். அதற்குக் கூட்டிக்கொண்டு வந்த ஜனங்கள் நான்கு தலைமுறை அங்கேயே பிறந்து, கொழுந்து பறித்து, கோயிலும் சர்ச்சும் கட்டிக் கும்பிட்டு, அங்கேயே புதைந்தார்கள். குத்தகை 2028-ல் முடிகிறது. நிலம் காட்டுக்குத் திரும்ப வேண்டும். 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது. அரசாங்கத் தேயிலைக் கழகம் தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்று தொழிலாளர்கள் கேட்டார்கள். அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. குடும்பம் குடும்பமாக மலை இறங்கினார்கள். காட்டுக்கு அது நல்லதாக இருக்கலாம். அந்த வீடுகளைப் பூட்டிய கைகளுக்கு அது நல்லதாக இருந்திருக்காது. காட்டை அழித்து லாபம் பார்த்தவர்கள் வேறு. காடு திரும்பி வருவதற்கு வீட்டை விட்டவர்கள் வேறு.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். புலிக்காக, குரங்குக்காக, ஆற்றுக்காக என்று ஒரு காட்டைப் பூட்டுகிறோம். விறகுக்காரம்மா தன் அடுப்பைக் கொடுத்தாள். மாஞ்சோலைக்காரர்கள் பிறந்த ஊரைக் கொடுத்தார்கள். காணி மக்கள், 2006-ல் வன உரிமைச் சட்டம் வருகிற வரைக்கும், தாங்கள் பிறந்த காட்டிலேயே சட்டப்படி ஓர் உரிமையும் இல்லாமல் இருந்தார்கள். உங்களிடமும் என்னிடமும் கேட்பது என்ன? ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒரு போட்டோ. 'நானும் போயிருக்கிறேன்' என்று சொல்லிக்கொள்கிற ஒரு சின்ன சந்தோஷம். அவ்வளவுதான். அதைக்கூடக் கொடுக்க மனமில்லாமல் யாருக்கோ போன் போடுகிறோம்.

ஒரு தடை எப்போது மரியாதை, எப்போது அதிகாரம் என்று கேட்டீர்களானால் என் பதில் இதுதான். தடையின் சுமையில் சொல்கிறவருக்கும் பங்கு இருந்தால் அது மரியாதை. சுமையை அடுத்தவர் தலையில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் பின்வாசல் வழியாகப் போய்வந்தால் அது அதிகாரம். கிளமாத் கிழவர்கள் சொந்தப் பிள்ளைகளுக்கே ஏரியைக் காட்டவில்லை. போனவர்களும் வேடிக்கை பார்க்கப் போகவில்லை, பட்டினி கிடந்து போனார்கள். அதனால்தான் அவர்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விறகுக்காரியை மறித்த அதே சாவடியில், காசு கொடுப்பவருக்கும் சிபாரிசு கொண்டுவருபவருக்கும் கம்பு உயருமென்றால், அங்கே காப்பாற்றப்படுவது காடு இல்லை. காட்டை அனுபவிக்கிற ஒரு சிலரின் வசதி.

"அப்படியானால் எங்கள் பிள்ளைகள் காட்டையே பார்க்கக் கூடாதா?" என்று கேட்பீர்கள். பார்க்கட்டும். திறந்திருக்கிற இடங்கள் இருக்கின்றன. பாபநாசம் இருக்கிறது, அகத்தியர் அருவி இருக்கிறது, அனுமதித்த நேரத்தில் போக அய்யனார் கோயில் இருக்கிறது. அந்த விளிம்பில் பிள்ளையை நிறுத்தி, "இதுக்கு அந்தப் பக்கம் நாம போகல. அங்க இருக்கதுக நிம்மதியா இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். 'ஏன்?' என்று கேட்கும். அந்த ஒரு 'ஏன்'-க்குப் பதில் சொல்வதில் நீங்கள் கற்றுக்கொடுப்பது, அருவியில் நனைத்துக் கூட்டிக்கொண்டு வந்தால் கிடைக்காது. ஆசைப்பட்டதையெல்லாம் பார்க்க முடிகிற பிள்ளைக்கு, ஒன்றை விட்டுவைப்பதும் அன்புதான் என்று யார் சொல்லிக்கொடுப்பார்கள்?

இன்னொரு விஷயம். நாம் காட்டுக்குப் போகாவிட்டால் என்ன, காடு தினமும் நம்மைத் தேடி வருகிறது. பொதிகையில் இரண்டு பருவமழையையும் வாங்கி, புல்வெளியிலும் சோலையிலும் பிடித்துவைத்து, சொட்டுச் சொட்டாக விடுகிற தண்ணீர்தான் தாமிரபரணி. தமிழ்நாட்டுக்குள்ளேயே பிறந்து, கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி, நெல்லும் வாழையும் விளைவித்து, புன்னைக்காயல் பக்கம் கடலில் சேர்கிற ஆறு. திருநெல்வேலியில் குழாயைத் திறந்தால் வருவது அந்தக் காடு. தூத்துக்குடியில் குடத்தில் பிடிப்பதும் அதுதான். கோபம் வந்தாலும் அது வரும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணி தன் பழைய பாதைகளையெல்லாம் நினைவு வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்து பார்த்துவிட்டுப் போனது.

அடுத்த முறை பாபநாசம் சாவடியில் "இதுக்கு மேல விட மாட்டோம்" என்று கையைக் காட்டி நிறுத்தினால் கோபப்படாதீர்கள். போனையும் எடுக்காதீர்கள். பக்கத்தில் டீக்கடை இருக்கும். ஒரு டீ சொல்லுங்கள். அந்த டீயில் இருப்பதும் உள்ளேயிருந்து வந்த தண்ணீர்தான்.

குடித்துவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். போகாமல் விட்ட இடமும் உங்களுடையதுதான்.